பலெர்மோவில் சரியான ஜுசெப்பேயைக் கண்டுபிடிக்கிறது எப்படி

இத்தாலியின்ர சிசிலித் தீவில இருக்கிற பலெர்மோவுக்குப் புதுசா வந்து, கட்டட வாசல் பார்க்கிற போர்த்தியேரே வேலையோ வீட்டு வேலையோ வயசாளியளைப் பராமரிக்கிற வேலையோ எடுத்திருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு இதை எழுதுறன். பாஷை மெல்ல மெல்ல வரும். பஸ்ஸும் பழகும். ஜுசெப்பே என்ற பெயரை மட்டும் ஆரும் சொல்லித்தர மாட்டினம், ஏனென்றால் இங்க பிறந்த சனத்துக்கு அது ஒரு சிக்கலாகவே தெரியாது. நான் வாசல் பார்க்கிற கட்டடத்தில ஆறு மாடிக்குள்ள அஞ்சு ஜுசெப்பே. அதில மூன்று பேருக்குக் குடும்பப் பெயரும் ஒன்றுதான். பார்சல் கொண்டு வாற பொடியன் வந்து நின்று "ஜுசெப்பேக்கு" என்றால், என்னைப் பொறுத்தவரை அவன் இன்னும் வாயே திறக்கவில்லை.

முதல்ல வாயைச் சரிப்பண்ணுங்கோ. எழுத்தைப் பார்த்துக் கியூசெப்பி என்று வாசிக்கிற எங்கட ஆக்களை இப்பவும் காணுறன். ஜு-செப்-பே. நடுவில வாற "செப்"பிலதான் அழுத்தம். ப்ப என்று இரட்டிச்சே சொல்ல வேணும். இத்தாலியன் படிக்க வாற வெள்ளைக்காரர் இந்த இரட்டிப்பிலதான் வழுக்குவினம். அப்பா, உப்பு என்று சொல்லி வளர்ந்த வாய்க்கு அது ஒரு வேலையே இல்லை. தூர நின்று கூப்பிடேக்க அழுத்தம் விழுகிற இடத்தோட பெயரை வெட்டிடுவினம்: கீழ நின்று மேல் மாடிக்கு "ஜுசே!" என்று கத்தினால் அது ஜுசெப்பே, "பெப்பீ!" என்றால் பெப்பீனோ, அதுவும் ஜுசெப்பேயின்ர சுருக்கம்தான். ஆளைக் கேட்காமல் நீங்களும் அப்பிடிக் கத்தப் போகாதேங்கோ, அது உரிமைப்பட்ட சனத்துக்கு.

ஆர் இந்தப் பெயருக்கு உரிய ஆள் என்று கேட்டால், எங்கட சூசையப்பர்தான். சான் ஜுசெப்பே என்று இவையள் சொல்லுறது அவரை. அவற்ற திருநாளான மார்ச் 19 ஐ 1621 இல் கத்தோலிக்கத் திருச்சபை முழுக்கவும் கொண்டாட வேணும் என்று ஆக்கினார்கள், அதுக்குப் பிறகு பெயர் பெருகிப் போச்சு. இன்னொரு விசயம்: தேம்பாவணி பாடின வீரமாமுனிவரும் ஒரு ஜுசெப்பேதான். கொஸ்தான்சோ ஜுசெப்பே பெஸ்கி என்பது முழுப் பெயர், 1680 இல் வட இத்தாலியில கஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்ற ஊரில பிறந்தவர். தன்ர பெயருக்குரிய சூசையப்பரையே காப்பியத் தலைவனாக்கி, அவருக்கு வளன் என்று தமிழ்ப் பெயரும் வைச்சவர். இங்க உள்ள வயசான பாதிரிமாரிட்ட இதைச் சொல்லிப் பாருங்கோ, உங்களைப் பார்க்கிற பார்வையே மாறும்.

அடுத்தது, தாத்தா ஆர் என்று விசாரியுங்கோ. இதுதான் திறப்பு. சிசிலியில மூத்த மகனுக்கு அப்பாவின்ர அப்பா பெயர், இரண்டாவதுக்கு அம்மாவின்ர அப்பா பெயர் வைக்கிறது வழமை. அப்ப ஒரு ஜுசெப்பே தாத்தாவுக்கு நாலு ஆம்பிளைப் பிள்ளையள் என்று வையுங்கோ. நாலு பேரும் தங்கட மூத்தவனுக்கு அப்பாவின்ர பெயரை வைப்பினம். முடிவில, ஒரே குடும்பப் பெயரில, கிட்டத்தட்ட ஒரே வயசில நாலு ஜுசெப்பே. நத்தாருக்கு எல்லாரும் ஒரே மேசையில இருந்து சாப்பிடுவினம்.

ஆனால் ஒரு வீட்டுக்குள்ள உயிரோட இருக்கிற தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர் வைக்க இத்தாலியச் சட்டம் விடாது. உயிரோட இருக்கிற அண்ணன் தம்பிக்கும் அதே தடைதான். இந்தச் சட்டம் எனக்குத் தரகு வாங்காத துணையாள். கடிதப் பெட்டியில ஒரே பெயர் இரண்டு தரம் கண்டால் அது தாத்தாவும் பேரனும், இல்லாட்டி ஒன்றுவிட்ட சகோதரங்கள். ஓய்வூதியக் கடிதம் தாத்தாவுக்கு, ஸ்கூட்டர் தண்டக் கடிதம் பேரனுக்கு. பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும்.

இந்தத் தடை வாறதுக்கு முந்தின காலம் எப்பிடி இருந்ததென்று வட இத்தாலியில வயலினுக்குப் பேர்போன கிரெமோனா ஊரைப் பார்த்தால் விளங்கும். வயலின் செய்த குவார்னேரி குடும்பத்தில அப்பாவும் ஜுசெப்பே, மகனும் ஜுசெப்பே, இரண்டு பேரும் ஒரே தொழில். அப்பா தன்ர வயலினுக்குள்ள ஒட்டின சீட்டில "அந்திரேயாவின் மகன்" என்று இலத்தீனில எழுதினார். 1698 இல் பிறந்த மகன் சீட்டில சிலுவையும் இயேசுவின் பெயரைக் குறிக்கிற மூன்று எழுத்தும் போட்டார், அதால அவருக்கு "தெல் ஜேசு" என்றே பெயர் நிலைச்சுப் போச்சு. பேர்போன வயலின் கலைஞர் பகனீனி கடைசி வரைக்கும் வைச்சு வாசிச்சது இந்த மகன் 1743 இல் செய்த வயலின். இப்ப ஜெனோவாவில இருக்குது. ஆகப் பெயர் ஒன்றாயிருந்தால் சீட்டைப் பார், இது இங்க பழைய வழக்கம்.

இனிச் சுருக்கப் பெயர். ஒரு ஜுசெப்பேயைச் சந்திச்ச உடன "உங்களை எல்லாரும் எப்பிடிக் கூப்பிடுவினம்?" என்று கேட்டு எழுதிவையுங்கோ. கேட்கிறது மரியாதைக் குறைவில்லை, கேட்காமல் விடுறதுதான் பிறகு இடைஞ்சல். பெப்பே, பெப்பீனோ, பீனோ, பிப்போ, எல்லாம் ஜுசெப்பேதான். P எழுத்தில தொடங்குற பெப்பேயை (Peppe) வடக்கில B எழுத்தாக மாத்தி (Beppe) மென்மையாச் சொல்லுவினம், பகிடிக்காரராயிருந்து அரசியலுக்கு வந்த ஜெனோவாக்காரர் கிரில்லோ மாதிரி. மரத்தால பொம்மைப் பிள்ளை செய்த கதையில வாற தச்சுக் கிழவர் ஜெப்பெத்தோவும் தொஸ்கானா பக்கத்து ஜுசெப்பேதான். சூசையப்பரும் தச்சர்.

பிப்போவில மட்டும் கவனம். இத்தாலியின்ர மற்றப் பக்கங்களில பிப்போ என்றால் பிலிப்போ, முந்திப் பந்தடிச்ச இன்சாகி மாதிரி. சிசிலியில அது ஜுசெப்பேயாயும் இருக்கும். பல பத்து வருசம் தொலைக்காட்சியில நிகழ்ச்சி நடத்தின பிப்போ பௌதோ கத்தானியா பக்கத்து ஆள், பிறப்புப் பதிவில ஜுசெப்பே. 1984 ஜனவரி 5 இல் கத்தானியாவில மாபியா சுட்டுக் கொன்ற பத்திரிகைக்காரர் பிப்போ ஃபாவாவும் ஜுசெப்பே. அப்ப மருத்துவமனையிலோ தபால் கந்தோரிலோ பிப்போ என்று கேட்டு நிற்காதேங்கோ. அவையின்ர கணினிக்குப் பிப்போவைத் தெரியாது.

கந்தோர் என்றால் கோதிச்சே பிஸ்காலே, இங்க ஒவ்வொருத்தருக்கும் குடுக்கிற வரி அடையாள இலக்கம். இதைப் படிச்சு வைச்சால் எந்த ஜுசெப்பேயும் தப்ப ஏலாது. பதினாறு இலக்கத்தில முதல் மூன்று குடும்பப் பெயரின்ர மெய்யெழுத்துகள், அடுத்த மூன்று சொந்தப் பெயரின்ர மெய்யெழுத்துகள். சொந்தப் பெயரில மெய் நாலோ கூடவோ இருந்தால் முதலாவது, மூன்றாவது, நாலாவதை எடுப்பினம். ஜுசெப்பேயில இருக்கிற மெய் ஜி, எஸ், பி, பி. இரண்டாவதை விட்டால் ஜி-பி-பி. பிறகு பிறந்த வருசம், மாதத்துக்கு ஒரு எழுத்து, திகதி. இசையமைப்பாளர் வேர்தி 1813 ஒக்டோபர் 10 இல் பிறந்தவர். அவர் இப்ப வந்து மருந்து எடுக்க நின்றால் அட்டையில வி-ஆர்-டி, ஜி-பி-பி, 13, ஆர், 10 என்று தொடங்கும். பொம்பிளையளின்ர ஜுசெப்பீனாவுக்கும் அதே ஜி-பி-பிதான், ஆனால் திகதியோட நாற்பதைக் கூட்டுவினம். பத்தாம் திகதி பிறந்தவ 50. பீனா, ஜுசி என்று கூப்பிடப்படுறவையள் பெரும்பாலும் இந்த ஜுசெப்பீனாக்கள். வேர்தி 1859 இல் கட்டின பாடகியின்ர பெயரும் ஜுசெப்பீனா, அந்தக் காலத்துத் தபால்காரன் "ஜி. வேர்தி" என்ற கடிதத்தை ஆரிட்டக் குடுத்திருப்பானோ.

பதிவேட்டை முழுக்க நம்பவும் வேண்டாம். வேர்தி பிறக்கேக்க அவற்ற ஊர் நெப்போலியனின்ர ஆட்சிக்குள்ள இருந்தது, அதால பதிவில இருக்கிறது ஜோசெப் என்ற பிரெஞ்சுப் பெயர். 1807 இல் நீஸ் நகரில பிறந்த கரிபால்தியும் அதே மாதிரி ஜோசெப் மரி. இத்தாலி என்ற நாட்டை ஒன்றாக்கினதுக்குப் பேர்போன இரண்டு ஜுசெப்பேயும் தாளில பிரெஞ்சுக்காரர்! மூன்றாவது ஜுசெப்பே, மத்சீனி. ஆயுள் முழுக்க நாடுகடந்து திரிஞ்சு, 1872 இல் பீசாவில இறக்கேக்க பிரவுண் என்ற ஆங்கிலப் பெயருக்குள்ள ஒளிச்சிருந்தவர்.

இனித் தெருவுக்கு வாங்கோ. பலெர்மோவில வழி கேட்கேக்க முதற்பெயரை விட்டுக் குடும்பப் பெயரை மட்டும் சொல்லுங்கோ. எந்த ஜுசெப்பே எந்தத் தெருப் பெயர்க்கல்லில இருக்கிறார் என்று ஒருக்கால் நடந்து பார்த்தால் மறக்காது. வெயில் ஏற முன்னம் தொடங்குங்கோ.

நாலு மூலைச் சந்தி, குவாத்ரோ காந்தி, அதில ஒரு மூலையில நிற்கிறது சான் ஜுசெப்பே தேய் தெயத்தீனி கோயில். தெயத்தீனி என்பது ஒரு துறவிகள் சபை. அந்தச் சபையில இருந்தவர்தான் ஜுசெப்பே பியாட்சி. சுவிஸ் எல்லைப் பக்கத்து மலையூரில 1746 இல் பிறந்து, கணக்குப் படிப்பிக்கப் பலெர்மோவுக்கு வந்தவர். கோயிலில இருந்து நேர மேல ஏறி நடந்தால் நோர்மன் மன்னரின்ர அரண்மனை வரும், இப்ப சிசிலிச் சட்டசபை அங்கதான். அதின்ர கோபுரத்தில ஒரு வான் ஆய்வுக்கூடம் கட்டினார்கள். இலண்டனில ராம்ஸ்டன் என்ற கருவி செய்யிறவரை விடாமல் நச்சரிச்சு, ஐந்தடி விட்டத்தில ஒரு பித்தளை வட்டக் கருவியைச் செய்விச்சுக் கொண்டு வந்தவர் பியாட்சி. 1801 ஜனவரி 1 இரவு, ஊர் முழுக்கப் புத்தாண்டுக் களைப்பில கிடக்க, இவர் நட்சத்திரப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தவர். அதில ஒரு புள்ளி அடுத்த இரவு இடம் மாறியிருந்தது. அதுதான் செரெஸ். முதன்முதலாகக் கண்டுபிடிச்ச சிறுகோள், 2006 இல் இருந்து குறுங்கோள் என்று வகைப்படுத்தியிருக்கினம். பெப்ரவரி நடுவுக்குள்ள அது சூரிய வெளிச்சத்துக்குள்ள மறைஞ்சு துலைஞ்சு போச்சு. காவுஸ் என்ற ஜேர்மன் இளைஞர் கணக்குப் போட்டு இடத்தைச் சொன்ன பிறகுதான் வருசக் கடைசியில திரும்பப் பிடிச்சினம். கருவி இப்பவும் பலெர்மோவிலேயே இருக்குது. அந்த ஆய்வுக்கூடத்துக்கு இப்ப வைச்சிருக்கிற பெயர் பியாட்சியின்ர இல்லை. சூரியனின்ர எக்ஸ் கதிரை ஆராய்ஞ்ச வையானா என்ற ஒருத்தரின்ர. அவரும் ஜுசெப்பே!

அரண்மனையில இருந்து இறங்கிப் பல்லாரோ சந்தைக்குள்ள போங்கோ, மரக்கறி வாங்க எப்பிடியும் போகத்தானே வேணும். இந்தக் குறுக்குத் தெருக்களில 1743 இல் பிறந்தவர் ஜுசெப்பே பால்சமோ. ஏழை வீட்டுப் பொடியன். ஒரு தட்டாருக்குப் புதையல் எடுத்துத் தாறன் என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு ஊரை விட்டே ஓடினவர். பிறகு ஐரோப்பா முழுக்கக் கலியோஸ்த்ரோ பிரபு என்ற பெயரில சாகா மருந்தும் மந்திரமும் வித்து, பாரிசில இராணியின்ர வைர மாலை வழக்கில மாட்டி, பஸ்தீல் சிறையையும் பார்த்தவர். கடைசியில ரோமில பிடிபட்டு, சான் லேயோ கோட்டைச் சிறையில 1795 இல் செத்தார். அதுக்கு முன்னம், 1787 இல், ஜேர்மன் எழுத்தாளர் கேதே பலெர்மோவுக்கு வந்து, ஆங்கிலேயர் என்று பொய் சொல்லிக்கொண்டு பால்சமோவின்ர தாயையும் சகோதரியையும் போய்ப் பார்த்தவர். பிரபு உண்மையில ஆர் என்று அறியிற ஆசை. ஏமாத்துக்காரனைப் பற்றி அறியப் போனவரே வேஷம் கட்டினது எனக்கு இந்தக் கதையில மிகவும் பிடிச்ச இடம். ஒரு ஜுசெப்பே தன்ர பெயரையே மறைக்கிறான் என்றால் கொஞ்சம் யோசியுங்கோ என்று பொடியளுக்குச் சொல்லுறனான்.

கரிபால்தி தெரு, பழைய தெர்மினி வாசல் இருந்த பக்கத்தில இருந்து உள்ள வருது. 1860 மே 11 இல் சிசிலியின்ர மர்சாலாவில ஆயிரம் பேரளவிலான படையோட இறங்கி, மே 27 விடிய இந்த வழியாலதான் அவர் பலெர்மோவுக்குள்ள புகுந்தார். பியாட்சா மரீனாவில இருக்கிற பூங்காவுக்கும் அவற்ற பெயர். அதுக்குள்ள விழுது இறக்கி நிற்கிற பெரிய மரத்தைப் பார்த்தால் எங்கட ஆலமரத்துக்குச் சொந்தம் என்று உடன தெரியும். பொலித்தேயாமா அரங்கும் கரிபால்தி பெயரில. அதை வடிவமைச்ச தமியானி அல்மெய்தாவும் ஜுசெப்பே. அப்ப "ஜுசெப்பே கட்டின ஜுசெப்பே" என்று ஞாபகம் வையுங்கோ. மற்றப் பெரிய அரங்கு தியாத்ரோ மாஸிமோ நிற்கிற சதுக்கம் வேர்தியுடையது. 1897 மே 16 இல் அதைத் திறந்ததும் வேர்தியின்ர ஓப்பராவோடதான்.

பித்ரே என்ற தெருப் பெயரையும் காணுவியள். ஜுசெப்பே பித்ரே, 1841 இல் இங்க பிறந்த வைத்தியர். குதிரை வண்டியில நோயாளர் வீட்டுக்குப் போய்வாற நேரத்தில சனத்தின்ர கதை, பாட்டு, விடுகதை, வைத்தியம் எல்லாத்தையும் எழுதிச் சேர்த்து இருபத்தைந்து தொகுதி போட்டவர். எழுத்தாளர் தொமாசி தி லம்பெதூசா பற்றி ஒரு வரி போதும்: இந்த ஊர்ப் பிரபு, எழுதின ஒரே நாவலை வெளியீட்டாளர் மறுத்த நிலையில 1957 இல் இறந்தார், அடுத்த வருசம் அது வெளிவந்து உலகமெல்லாம் போச்சு.

இதிலேயே நின்றுவிட்டால் ஊரைத் தெரிஞ்சதாகாது. பிரங்காச்சோ பக்கம் வேலைக்குப் போற ஆக்கள் ஒரு பெயரைக் கட்டாயம் தெரிஞ்சிருக்க வேணும்: தொன் பீனோ புல்லீசி. ஜுசெப்பே புல்லீசி என்று கேட்டால் சிலபேர் யோசிப்பினம், பீனோ என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பங்குத் தந்தை. பாத்ரே பீனோ புல்லீசி என்ற மூன்று பி எழுத்தையும் வைச்சுப் பொடியள் அவரை "மூன்று பி" என்று கூப்பிட்டவை. தெருவில நின்ற பிள்ளையளை மாபியாவின்ர கையில விடாமல் இழுத்து வைச்சதுதான் அவர் செய்த குற்றம். 1993 செப்டெம்பர் 15, அவற்ற 56 ஆவது பிறந்த நாளில, வீட்டு வாசலில வைச்சுச் சுட்டினம். 2013 இல் அருளாளர் ஆக்கினார்கள், கல்லறை கதீட்ரலுக்குள்ள. விமான நிலையம் போற வழியில சினீசி என்ற ஊர் வரும், அது பெப்பீனோ இம்பஸ்தாத்தோவின்ர ஊர். மாபியாக் குடும்பத்தில பிறந்து, சின்ன வானொலி நடத்தி ஊர்த் தலைவனை நக்கலடிச்சவர். 1978 மே 9 இல், முப்பது வயசில, கொன்று தண்டவாளத்தில போட்டு வெடி வைச்சினம். இந்த இரண்டு பேரையும் பற்றி அலட்சியமாக் கதைக்காதேங்கோ. முன்னால நிற்கிறவர் ஆற்ற சொந்தம் என்று உங்களுக்குத் தெரியாது.

வயசான ஆளைக் கூப்பிடுற முறை. "சிஞ்ஞோர் ஜுசெப்பே" எப்பவும் பிழைக்காது. முடி வெட்டுறவர், தச்சர் மாதிரி மூத்த தொழிலாளியளை அயலார் "தொன் பெப்பீனோ" என்பினம், நீங்களும் சொல்லலாம். கணக்காளர், வைத்தியர், வழக்கறிஞர் என்றால் பெயரே தேவையில்லை, பட்டத்தைச் சொன்னால் போதும், ஜுசெப்பேச் சிக்கலும் அதோட தீரும். போனில பதியேக்க "பெப்பே தண்ணிக்குழாய்", "பீனோ மூன்றாம் மாடி" என்று போடுங்கோ. வெறும் ஜுசெப்பே என்று ஒரு இலக்கத்தைக்கூடப் பதியாதேங்கோ.

மார்ச் 19 தான் எல்லாருக்கும் ஒரே நாள். இத்தாலியில அது தகப்பன்மார் தினமும். 1977 வரைக்கும் அரச விடுமுறையாக இருந்தது, இப்ப வேலை நாள். பிறந்த நாளை மறந்தாலும் மன்னிப்பினம், பெயர்த் திருநாளை மறந்தால் மூஞ்சை மாறும். காலமையே "ஆவுகூரி!" (வாழ்த்துகள்) என்று சொல்லுங்கோ, காணும். முதல் நாள் இரவு பழைய பகுதிகளில பொடியள் மரம், கதவு, தளபாடம் எல்லாம் சேர்த்துத் தெருவில தீ மூட்டுவினம், வாம்பா என்று பெயர். தீயணைப்பு வண்டியும் பொலிசும் இரவு முழுக்க ஓடித் திரியும். 17 ஆம் திகதியில இருந்து வாசலில மரச்சாமான் எதையும் வைக்காதேங்கோ, ஸ்கூட்டரைச் சந்திக்குக் கிட்ட விடாதேங்கோ.

வெறுங்கையோட போறதைவிட ஸ்ஃபிஞ்சா வாங்கிக் கொண்டு போறது நல்லது. மாவைக் கரைச்சு எண்ணெயில பொரிச்சு, மேல செம்மறிப் பால் ரிகோத்தாவை இனிப்பாப் பூசி, பாகில ஊறின தோடம்பழத் தோல் ஒரு கீலமும் பிஸ்தாத் தூளும் வைச்சிருக்கும். அன்றைக்கு மத்தியானத்துக்குள்ள கடையில முடிஞ்சிடும், முதல் நாளே சொல்லி வையுங்கோ. எண்ணேக்க ஜுசெப்பீனாக்களையும் சேர்த்து எண்ணுங்கோ. அவையளுக்கும் அதே நாள்தான், நாலாம் மாடிப் பீனா அக்கா அதை மறக்கிற ஆள் இல்லை.